நான் எடுத்துக்கொண்ட பெயர்

நான் வேலை செய்கிற கட்டடத்தில் அசையாமல் நின்றால் ஆள் இல்லை என்று அர்த்தம். கோப்பன்ஹேகனில் ஒரு பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடி அது. நீண்ட விறாந்தை, இரண்டு பக்கமும் அறைகள். விளக்குகளுக்கு சுவிச் கிடையாது. கூரையில் வெள்ளைப் பொத்தான் போல ஒரு கண் இருக்கிறது. அது ஆள் நடமாட்டத்தைக் கண்டால் விளக்கைப் போடும், காணாவிட்டால் ஐந்து நிமிடத்தில் அணைத்துவிடும். பனிக்காலத்தில் காலை எட்டு மணி வரைக்கும் வெளியே கும்மிருட்டு. நான் ஆறு மணிக்கே வேலையைத் தொடங்கிவிடுவேன். மேசைக்கடியில் குனிந்து பிடிவாதமான கறை ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பட்டென்று எல்லாம் இருண்டுவிடும். உடனே கையைத் தூக்கி ஆட்ட வேண்டும். ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிக்கலாம். என் மகள் ஆதிரையும் அப்படித்தான் சிரிப்பாள். அம்மாவுக்கு விளக்குக்கு டாட்டா காட்டுகிற வேலை என்பாள்.

இதில் எனக்குப் பழகாத விஷயம் ஒன்றுண்டு. விறாந்தையின் அந்தத் தொங்கலில், முடிகிற இடத்துப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற விளக்கு, சில காலைகளில் ஒருவரும் இல்லாமலே எரியும். கொஞ்ச நேரத்தில் அடுத்தது எரியும். யாரோ ஆறுதலாக நடந்து வருவதுபோல இருக்கும். பிறகு இரண்டும் அணைந்துவிடும். கட்டடக் காவலாளியிடம் கேட்டேன். அந்தக் கண் உண்மையில் சூட்டைத்தான் தேடுகிறது, வெப்பமூட்டியின் சூடான காற்று அடித்தால் ஆளென்று நினைத்துவிடும் என்றார். நல்ல விளக்கம்தான். ஆனாலும் இரண்டாம் மாடியைத் துப்புரவு செய்கிற யோகராணி அக்கா திருநீறு பூசாமல் என்னுடைய மாடிக்கு ஏறமாட்டா.

எஸ்தரை நான் முதன்முதலில் கண்டதும் இருட்டுக்குள்தான். ஒரு தை மாதக் காலை. படிக்கட்டுக்கு எதிர்ப்பக்கத்துக் கடைசி அறையின் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே இருட்டு, ஆகவே ஆளில்லை என்று வாளியைத் தள்ளிக்கொண்டு போனேன். விளக்குப் பற்றியது. ஜன்னலோரக் கதிரையில் ஒரு கறுப்பினப் பெண் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது மதிக்கலாம், தலைமுடியை நெருக்கமாகப் பின்னிக் கட்டியிருந்தார். நான் வீரிட்டுக் கத்திவிட்டேன். "யோசித்துக்கொண்டிருந்தேன். விளக்கு என்னை மறந்துவிட்டது" என்றார். அந்தப் பயத்திலும் அவருக்கு உதவி செய்கிறேன் என்று நினைத்து நான் சொன்னதை இப்போது எழுதவே கூசுகிறது. "புதிதாக வந்தாயா? துடைப்பங்கள் கீழே நிலவறையில் இருக்கின்றன. சாவி பச்சைப் பெட்டிக்குள்" என்றேன். அவர் என்னைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு, "நன்றி, தெரிந்திருப்பது நல்லது" என்றார். வெளியே வந்து கதவைப் பார்த்தேன். புதிய பெயர்ப்பலகை. பேராசிரியர்.

அந்தக் கதிரையில் ஒரு வெள்ளைக்காரி வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாலும் நான் அவரைப் பேராசிரியர் என்றுதான் நினைத்திருப்பேன். என் தோலும் கறுப்புத்தான். இந்த நாட்டில் என்னைக் காணாதவர்கள்போல் கடந்து போகிறவர்களை இருபது வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அதே நான்தான் அப்படிக் கேட்டேன். மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டபோது எஸ்தர் விழுந்து விழுந்து சிரித்தார். தன்னைத் துப்புரவுக்காரி என்று நினைத்தவர்கள் பலர், ஆனால் சாவி இருக்கிற இடத்தைச் சொல்லித் தந்தது நீ ஒருத்திதான் என்றார்.

அதற்குப் பிறகு அநேக காலைகளில் அவர் எனக்கு முன்னால் வந்திருப்பார். நான் தரை துடைக்க, அவர் கால்களைக் கதிரையில் தூக்கி வைத்துக்கொண்டு கதைப்பார். டென்மார்க் ஒரு காலத்தில் கரீபியன் கடலில் தீவுகள் வைத்திருந்தது. அங்கே கரும்புத் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் வழி வந்தவர் அவருடைய தாய். எஸ்தர் பிறந்தது இங்கேதான். நிறம், பெண்ணாகப் பிறந்தது, வர்க்கம் ஆகிய மூன்றும் ஒருவரை எப்படி ஒன்றுசேர்ந்து அழுத்துகின்றன என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. எனக்கு விளங்கவில்லை என்றபோது தன் பின்னலைத் தூக்கிக் காட்டினார். மூன்று பிரி. ஒன்றைப் பிடித்து இழுத்தால் மற்ற இரண்டும் கூடவே வரும், எதனால் தலை நோகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார். இருபது வருடமாக எனக்கு நொந்துகொண்டிருந்ததற்கு அன்றைக்குத்தான் ஒருவர் விளக்கம் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என்னைப் பேராசிரியர் என்று கூப்பிடாதே, எஸ்தர் என்று கூப்பிடு" என்பார். இங்கே பிரதமரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எல்லாருக்கும் 'நீ'தான். இந்த நாட்டுக்காரர் அதைச் சமத்துவம் என்கிறார்கள். எனக்கோ அந்தப் பெயர் வாயிலிருந்து வர ஒரு மாதம் பிடித்தது. என்னைவிட வயதில் மூத்த ஒருவரை மொட்டையாகப் பெயர் சொல்லி நான் கூப்பிட்டது அதற்கு முன் வாழ்க்கையில் ஒரேயொருவரைத்தான்.

எஸ்தர் துப்புரவுப் பெண்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். என்னிடமும் வாழ்க்கைக் கதை கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்றார். ஒரு சனிக்கிழமை பின்னேரம் டோஸ்ட்ருப்பில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். கணவர் வேலைக்குப் போயிருந்தார். ஆதிரை வீட்டில் இருந்தாள். நான் காலையிலிருந்தே வடையும் றோல்ஸும் செய்து, வீட்டை இரண்டு தரம் துடைத்து வைத்திருந்தேன். ஒரு பேராசிரியர் என் வீட்டுக்கு வருகிறார் என்ற பெருமை எனக்குத் தலைகொள்ளவில்லை. தேத்தண்ணி ஊற்றி, தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். எஸ்தர் குவளையை வாங்கி, "எவ்வளவு அழகான பேணி" என்று சொல்லிக் கைத்தொலைபேசியில் படமும் எடுத்துக்கொண்டார். நான் அடுப்படிக்குத் திரும்பியபோது ஆதிரைதான் குசினிக்குள் வந்து டேனிஷில் கேட்டாள்.

"அம்மா, ஏன் அதில் கொடுத்தாய்? அது நான் பூச்செடிக்குத் தண்ணி விடுகிற பேணி."

எட்டிப் பார்த்தேன். எஸ்தரின் கையில் நீல விளிம்பு வைத்த எனாமல் பேணி. ஆதிரை பழைய சாமான் கடையில் ஆசைப்பட்டு வாங்கியது, இங்கே இப்போது அது நாகரிகம். அதைக் கண்ட நாளிலிருந்தே எனக்குப் பிடிக்காமல், பல்கனிக் கதவுக்கு வெளியே கவிழ்த்து வைத்திருந்தேன். விருந்தாளிகளுக்கென்று கண்ணாடி அலுமாரிக்குள் ஆறு பீங்கான் கப் இருந்தன. கப் ஆறும் இடம் மாறாமல் அப்படியே இருந்தன. ஆகவே நான் பல்கனிக் கதவைத் திறந்து, குளிருக்குள் கையை நீட்டி, அந்தப் பேணியை எடுத்து, கழுவி, அதில் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். கதவைத் திறந்த ஞாபகம் எனக்கு இல்லை. இன்றைக்கு வரைக்கும் இல்லை. என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பல்கனிக் குளிரில் விரல் நுனிகள் இன்னும் சில்லிட்டிருந்தன.

போய் எஸ்தருக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஒலிப்பதிவுக் கருவியில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. புத்தகத்தில் என் உண்மைப் பெயர் வராது, எனக்குப் பிடித்த பெயர் ஒன்றைச் சொல்லலாம் என்றார். "பாக்கியம்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் சொல்லிவிட்டது. எஸ்தர் எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார். பிறகு அவர் கேட்ட முதற் கேள்வி: "நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உங்கள் வீட்டை யார் துப்புரவு செய்தார்கள்?"

"நாங்கள்தான்" என்றேன். "எங்கள் வீட்டில் வேலைக்கு ஆள் வைத்ததில்லை."

பாக்கியத்தைப் பற்றி இனிச் சொல்லத்தான் வேண்டும். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்குக் கிழமையில் மூன்று நாள் வந்து, முற்றம் கூட்டி, மாட்டுக்கொட்டில் அள்ளி, சாம்பல் போட்டுப் பாத்திரம் துலக்கிப் போகிறவர். அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவர். நாங்கள் உயர்ந்த சாதி என்று சொல்லிக்கொள்கிற ஆட்கள், அவர் அப்படியில்லாதவர். முன்வாசல் படலையால் வரமாட்டார், கோடிப்பக்கத்து வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்துதான் வருவார். வீட்டின் பின்பக்கத்தைத்தான் நாங்கள் கோடி என்போம். அவர் துலக்கிய பாத்திரங்களை அம்மா தண்ணி தெளித்துத்தான் குசினிக்குள் எடுப்பா. வேலிக் கதியால் தடியில் நீல விளிம்பு வைத்த எனாமல் பேணி ஒன்று கவிழ்த்திருக்கும். அவர் அதை எடுத்து நீட்ட, அம்மா முட்டாமல் உயரத்திலிருந்து தேத்தண்ணி ஊற்றுவா. குடித்துக் கழுவித் தானே திரும்பக் கவிழ்த்துவிட்டுப் போவார். எனக்கு இதையெல்லாம் ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஆறு வயதில் நான், "பாக்கியம், அம்மா கூப்பிடுறா" என்று சத்தம் போடுவேன். அவர் என்னைச் 'சின்ன நாச்சியார்' என்று கூப்பிடுவார். உள்ளே வா என்று அவரை எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருநாளும் கேட்டதில்லை.

கடைசியாக அவரைக் கண்டது போருக்குப் பயந்து ஊரோடு இடம்பெயர்ந்தபோது. எனக்குப் பன்னிரண்டு வயது. மழைக்குள் சனம் நெருக்கியடித்துக்கொண்டு நகர்ந்தது, யார் எவர் என்று தெரியாத அளவுக்குச் சனம். பாக்கியம் எப்படியோ எங்களைக் கண்டுபிடித்துப் பக்கத்தில் வந்தார். இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் தண்ணிக் கான். நாங்கள் நகையும் காணி உறுதியும் எடுத்துக்கொண்டு ஓடியிருந்தோம். அவர் எங்கள் வேலியிலிருந்து அந்தப் பேணியை எடுத்துவந்திருந்தார். அதில் தண்ணி வார்த்து நீட்டி, "சின்ன நாச்சியார், குடியுங்கோ" என்றார். என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது. அம்மா, "வேண்டாம் பாக்கியம், எங்களுக்குத் தண்ணி விடாய்க்கேல்லை" என்றா. பாக்கியம் கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றார். பிறகு தானே அதைக் குடித்தார். மறுபடி சனம் தள்ளியது. அவர் என்ன ஆனார் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் விசாரிக்கவில்லை, நானும் விசாரிக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து எஸ்தர் அச்சுக்குப் போகும் பக்கங்களை மின்னஞ்சலில் அனுப்பினார். வெள்ளிக்கிழமைக்குள் வாசித்துச் சம்மதம் சொல்ல வேண்டும். ஆதிரை எனக்குச் சத்தமாக வாசித்தாள். "பாக்கியம் சொல்கிறார்: எங்கள் வீட்டில் வேலைக்கு ஆள் வைத்ததில்லை. நாங்களே கூட்டினோம், நாங்களே கழுவினோம். இங்கே வந்த பிறகுதான் மனிதர்கள் என்னைக் காணாமல் நடக்கத் தொடங்கினார்கள்." என் மகளின் டேனிஷ் நாக்கில் அந்தப் பெயர் கொஞ்சம் நசுங்கி ஒலித்தது. இருந்தும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அம்மாவுக்கு முன்னால் 'ஓம் நாச்சியார்' என்பதற்கு மேல் வாய் திறக்காத மனுஷி, என் வீட்டு சோபாவில் இருந்து கதைக்கிறார். கதைப்பதோ என் பொய்யை. எஸ்தர் ஓரத்தில் எழுதியிருந்தார், இந்த அத்தியாயத்தின் முதுகெலும்பே பாக்கியத்தின் குரல்தான் என்று.

"ஏன் அழுகிறாய்? நல்லாத்தானே எழுதியிருக்கிறார்" என்றாள் ஆதிரை. அவளுக்குச் சாதி என்றால் என்னவென்று நாங்கள் சொன்னதில்லை. அப்படிச் சொல்லாமல் வளர்த்ததைப் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எஸ்தரிடம் பாக்கியத்தைப் பற்றி உண்மையைச் சொல்லலாமா என்று யோகராணி அக்காவிடம் தேத்தண்ணி இடைவேளையில் கேட்டேன். அக்கா பதறிப்போனா. "உனக்கென்ன விசரே? உதெல்லாம் ஏன் வெளி ஆக்களுக்குச் சொல்லுவான்? எங்கட மானம் போயிடும்."

"அவ வெள்ளைக்காரி இல்லையே அக்கா. அவவுக்கு விளங்கும்."

"அப்ப இன்னும் கூடாது. அதுகளுக்கு முன்னால தலை குனியப் போறியோ?"

அந்த 'அதுகள்' என்ற சொல் எனக்கு நல்ல பழக்கமான சொல். அம்மாவின் குரலிலேயே கேட்டது. எஸ்தரின் பின்னலில் மூன்று பிரி. எங்களுடைய பின்னலில் நாலாவது பிரி ஒன்று இருக்கிறது. மூன்றைக் காட்டி அழுதுகொண்டு, நாலாவதை நான் என் கையாலேயே பிடித்துக்கொண்டிருந்தேன். சொன்னால் எஸ்தரை இழப்பேன் என்று பயமாக இருந்தது. இந்த நாட்டில் என்னைக் கண்டவர் அவர் ஒருவர்தான். சொல்லாவிட்டால் பாக்கியத்தின் பெயரில் என் பொய் புத்தகமாகும். அந்தக் கிழமை முழுக்க விறாந்தைத் தொங்கலில் விளக்கு அடிக்கடி எரிந்தது. முன்பெல்லாம் இரண்டோடு நின்றது, இப்போது மூன்றாவது, நாலாவது வரைக்கும் வந்தது. வெப்பமூட்டியைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்து கிடந்தது.

வெள்ளிக்கிழமை காலை பிளாஸ்கில் தேத்தண்ணியும், துவாயில் சுற்றிய எனாமல் பேணியும் பையில் வைத்துக்கொண்டு போனேன். எஸ்தர் அறையில் இருந்தார். வாளியை வாசலில் விட்டுவிட்டு, பேணியை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் முகம் மலர்ந்தது. எனக்குத் தருகிறாயா என்று கேட்டார்.

"இல்லை. சம்மதம் சொல்ல முதல் ஒன்று சொல்ல வேண்டும்" என்றேன்.

அவர் ஒலிப்பதிவுக் கருவியைப் போட்டார். நான் வேலியில் இருந்த பேணியிலிருந்து தொடங்கினேன். என் டேனிஷில் சாதிக்குச் சொல் இல்லை, அதனால் யார் எந்த வழியால் வந்தார், யார் எதில் குடித்தார், யார் யாரை எப்படிக் கூப்பிட்டார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அன்றைக்கு என் வீட்டில் என் கை செய்ததையும் சொன்னேன். நான் குனிந்தபடி இருந்தேன், அவரும் அசையவில்லை. நடுவில் எங்கேயோ விளக்கு அணைந்தது. இரண்டு பேரில் ஒருவரும் கையைத் தூக்கவில்லை. சிவப்புப் புள்ளி மட்டும் எரிந்துகொண்டிருந்தது. இருட்டுக்குள் அவர் மூச்சு விடுவது கேட்டது. சொல்லி முடித்தேன்.

"அன்றைக்கு உன் வீட்டில் எனக்கு மிகவும் நன்றாக இருந்தது" என்றார் கடைசியில். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் நான் தாங்கியிருப்பேன். நான் தேம்பி அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. அது சரிதான் என்று அப்போதும் தெரிந்தது.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பேட்டி எடுக்கிறவரின் குரலில் கேட்டார். "திரும்பத் தொடங்குவோம். உங்கள் வீட்டை யார் துப்புரவு செய்தார்கள்?"

"பாக்கியம்."

"அது நீதானே?"

"இல்லை. நான் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டேன். கேட்காமல் எடுத்தது."

"அப்படியென்றால் புத்தகத்தில் உனக்கு என்ன பெயர் போட?"

ஊரில் நான் சின்ன நாச்சியார். இங்கே வாளியும் கையுமாகத் திரிகிற, விளக்குக்குக்கூடத் தெரியாத ஒருத்தி. இரண்டும் நான்தான், இரண்டுக்கும் பொதுவாக வைக்க ஒரு பெயர் அகப்படவில்லை. அந்த இடம் வெறுமையாகவே இருக்கட்டும் என்றேன்.

அப்போது கதவின் கண்ணாடிக்கு வெளியே, விறாந்தைத் தொங்கலில் விளக்கு எரிந்தது. அடுத்தது எரிந்தது. அதற்கடுத்தது. இந்தத் தடவை நாலாவதோடு நிற்காமல் எங்கள் வாசலுக்கு மேலே இருந்ததும் எரிந்தது. "யார் வருகிறார்கள்?" என்று கேட்டார் எஸ்தர். எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். ஆள் இல்லை. மினுங்கலாகத் துடைத்த தரை, வாசலை மறித்தபடி என் வாளி, அவ்வளவுதான். காவலாளி சொன்ன சூடான காற்று என் முகத்தில் படவில்லை. இந்தக் கட்டடம் என்னுடையது இல்லை, ஒருவரை உள்ளே கூப்பிட எனக்கு இங்கே உரிமையும் இல்லை. உரிமை இருந்த வீட்டில் நான் கூப்பிடவில்லை, அந்த வீடும் இப்போது இல்லை. வாளியைச் சுவரோரமாகத் தள்ளி வழி விட்டேன்.

"வாங்கோ பாக்கியமக்கா," என்றேன். "உள்ளுக்கு வாங்கோ."